பாலிசியில் பெயர் இல்லாத யானை

இந்தியாவில் தனியார் காருக்கு எடுக்கும் முழு இன்ஷூரன்ஸ் பாலிசியின் முதல் பிரிவு, எந்தெந்தக் காரணங்களால் வண்டி சேதமடைந்தால் பணம் கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்கிறது. தீ, வெடிப்பு, மின்னல், திருட்டு, கலவரம், வேலைநிறுத்தம், நிலநடுக்கம், வெள்ளம், புயல், ஆலங்கட்டி மழை, வெளிக்காரணத்தால் நேரும் விபத்து, பிறர் வேண்டுமென்றே செய்யும் நாசம், பயங்கரவாதச் செயல், லாரியிலோ ரயிலிலோ ஏற்றிக் கொண்டுபோகும்போது நேரும் சேதம், நிலச்சரிவு, பாறைச்சரிவு. பாலிசி இவற்றைப் பத்து இனங்களாகத் தொகுத்திருக்கிறது. யானையும் காட்டெருமையும் குரங்கும் இந்த வரிசையில் எங்கும் இல்லை. விலங்கு என்ற பேச்சே அதில் எழவில்லை.

ஆனாலும் யானை மிதித்த காருக்கும் காட்டுப்பன்றி மோதிய காருக்கும் இன்ஷூரன்ஸ் பணம் கிடைக்கிறது. அதற்கு வழிவிடுவது 'வெளிக்காரணத்தால் நேரும் விபத்து' என்ற அந்த ஓர் இனம்தான். வண்டிக்கு வெளியே இருந்து, எதிர்பாராமல், உரிமையாளரின் நோக்கம் இல்லாமல் வந்த சேதம் எதுவானாலும் அதில் அடங்கும். 2002-ல் நடைமுறைக்கு வந்த மோட்டார் தாரிஃபில் வகுத்த வாசகம் இது. சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தின் மீதிருந்த கட்டுப்பாடு 2007-ல் நீங்கிவிட்டது. பாலிசி வாசகம் மட்டும் பெரிதாக மாறவில்லை. இதில் ஒரு வசதியும் ஒரு சிக்கலும் சேர்ந்தே இருக்கின்றன. எந்த விலங்கு என்ற கேள்விக்கே இடமில்லாததால் மயிலும் மரநாயும்கூட உள்ளே வந்துவிடும். அதே காரணத்தால், சம்பவம் எப்படி நடந்தது என்று கார்க்காரர் சொல்லும் விவரத்தின் மீதே கிளைமின் முழுப் பாரமும் விழுகிறது.

எந்தப் பாலிசிக்குப் பணம் உண்டு

மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸை மட்டுமே. அந்த வண்டியால் பிறருக்கு ஏற்படும் மரணம், காயம், பொருள் இழப்பு ஆகியவற்றுக்கு அது ஈடு தரும். சொந்த வண்டிக்கு ஒரு ரூபாயும் தராது. யானை கூரையை நசுக்கினாலும் கடமான் முன்கண்ணாடிக்குள் பாய்ந்தாலும், தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருப்பவர் செலவு முழுவதையும் தன் கையிலிருந்துதான் போட வேண்டும். விலங்குச் சேதத்துக்குப் பணம் தருவது 'ஓன் டேமேஜ்' எனப்படும் சொந்தச் சேதப் பகுதி. அது சேர்ந்த பாலிசியைத்தான் மக்கள் 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' அல்லது 'ஃபர்ஸ்ட் பார்ட்டி' என்கிறார்கள்.

புதுக் கார் வாங்கியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் 1 முதல் விற்கப்படும் புதுக் கார்களுக்கு மூன்றாண்டுத் தேர்டு பார்ட்டி பாலிசி கட்டாயம். சொந்தச் சேதப் பகுதியோ பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் எடுக்கப்படுகிறது. இரண்டாம் ஆண்டில் போலீஸ் நிறுத்திக் கேட்டால் காட்டுவதற்குச் செல்லுபடியாகும் காகிதம் கையில் இருக்கும்; அபராதமும் விழாது. மசினகுடிப் பக்கம் காட்டெருமை இடித்த பிறகு பார்த்தால், சொந்தச் சேதப் பகுதி எட்டு மாதத்துக்கு முன்பே முடிந்திருக்கும். 2019 செப்டம்பர் முதல் சொந்தச் சேதப் பாலிசியைத் தனியாகவும் வாங்கலாம். பாலிசித் தாளில் இரண்டு பகுதிகளுக்கும் இரண்டு காலாவதித் தேதிகள் அச்சாகியிருக்கும். இரண்டாவதைப் பார்ப்பவர்கள் குறைவு.

வேறு திசையிலிருந்து வரும் ஒரு கேள்வியையும் இங்கேயே முடித்துவிடலாம். சாலையில் நின்ற மாட்டைக் கார் இடித்தால் மாட்டுக்காரருக்கு நேரும் இழப்பு தேர்டு பார்ட்டிப் பகுதியில் வரும். தனியார் காருக்கு இந்தப் பொருள் இழப்பின் வழக்கமான உச்சவரம்பு ஏழரை லட்சம் ரூபாய். காரின் சேதம் சொந்தச் சேதப் பகுதியில் வரும். யானையைக் கண்டு பதறிப் பின்னால் எடுத்த கார் ஒரு மோட்டார் சைக்கிள்காரரைத் தள்ளிவிட்டால், அவருடைய காயத்துக்கும் தேர்டு பார்ட்டிப் பகுதிதான் பொறுப்பு. யானை காரணம் என்று சொல்லி அதிலிருந்து நழுவ முடியாது.

விலங்குக்கு ஒரு விதமான சேதம்

வளர்ந்த ஆண் யானை நான்கு, ஐந்து டன் இருக்கும். சிறிய கார் ஒரு டன்னைத் தொடுவதே கஷ்டம். தந்தத்தால் கதவைக் குத்துவது, கூரையின் மீது காலை வைப்பது, பக்கவாட்டில் தள்ளிப் பள்ளத்தில் உருட்டுவது எல்லாம் நடந்திருக்கின்றன. சத்தியமங்கலம் காட்டில் ஆசனூர், காரப்பள்ளம் பகுதியில் கரும்பு லாரிகளை மறித்துக் கரும்பை உருவித் தின்னப் பழகிய யானைகள் உண்டு. பின்னால் வரிசையில் நிற்கும் கார்கள் அவற்றுக்குப் பொருட்டே இல்லை. சாலக்குடியிலிருந்து வால்பாறைக்கு வரும் காட்டுச் சாலையில் 2022 நவம்பரில் 'கபாலி' என்று பெயர்பெற்ற கொம்பன் ஒரு தனியார் பேருந்தை எதிர்கொண்டது. ஓட்டுநர் ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் தூரம் பேருந்தைப் பின்பக்கமாகவே ஓட்டினார். திறமையான ஓட்டுநர் இருந்த இடத்தில் இன்ஷூரன்ஸுக்கு வேலை வரவில்லை.

காட்டெருமையும் மானும் காட்டுப்பன்றியும் வேறு வகை. அவை காரைத் தேடி வருவதில்லை. சாலையைக் கடக்கும்போது கார் அவற்றின் மீது மோதுகிறது. குன்னூர், கோத்தகிரியில் காட்டெருமைகள் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தெருவரைக்கும் வந்துபோகின்றன. ஒரு டன் வரை எடையுள்ள அந்த உடம்பில் மோதினால் பானெட், ரேடியேட்டர், முன்விளக்கு, கண்ணாடி எல்லாம் ஒன்றாகப் போகும். காட்டுப்பன்றி தாழ்வானது. பம்பரின் கீழ்ப்பகுதியையும் அதற்குப் பின்னால் உள்ள கண்டன்சரையும் ரேடியேட்டரையும் உடைத்துவிட்டு ஓடிவிடும். வெளியே பார்த்தால் சின்ன விரிசல்தான் தெரியும். உள்ளே குளிர்நீர் ஒழுகிக்கொண்டிருக்கும். அப்படியே ஓட்டி எஞ்சின் சூடேறிக் கெட்டால் என்ன ஆகும் என்பது பின்னால் வருகிறது.

இதற்குப் பயந்து சிலர் முன்னால் இரும்புத் தடுப்புக் கம்பி பொருத்திக்கொள்கிறார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் இத்தகைய கம்பிகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு முரணானவை என்று மாநிலங்களுக்கு எழுதியது. மோதலின் விசையை முன்பகுதி உள்வாங்க வேண்டிய விதத்தையும் ஏர்பேக் விரியும் விதத்தையும் அவை மாற்றிவிடும். பன்றியிடமிருந்து பம்பரைக் காப்பாற்றப் போட்ட கம்பி, கிளைம் நேரத்தில் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயரின் முதல் கேள்வியாக மாறலாம்.

விலங்கின் மீது மோதாமல் தவிர்க்கப்போய் மரத்திலோ பாலச்சுவரிலோ மோதினால்? இந்தியப் பாலிசிக்கு இரண்டும் ஒன்றே. மான் மீது மோதினாலும் மரத்தில் மோதினாலும் அதே இனம், அதே கணக்கு. இது எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. அமெரிக்காவில் மான் மீது மோதிய சேதம் 'காம்ப்ரிஹென்சிவ்' பகுதியில் வரும். மானைத் தவிர்க்கத் திருப்பி மரத்தில் மோதினால் அது 'கொலிஷன்' பகுதிக்குப் போகும். இரண்டையும் தனித்தனியே வாங்க வேண்டும். ஒன்று மட்டும் இருப்பவர், எதில் மோதினார் என்பதைப் பொறுத்துப் பணம் பெறுவார் அல்லது இழப்பார். ஜெர்மனி இன்னும் நுட்பம். அங்கே பகுதிக் காப்பீடான 'டைல்காஸ்கோ', வேட்டைச் சட்டம் குறிப்பிடும் உரோம விலங்குகளோடு நேரும் மோதலுக்கு ஈடு தருகிறது. மான், காட்டுப்பன்றி, நரி, முயல் உண்டு. பறவையும் நாயும் பசுவும் அந்த அடிப்படை வரையறையில் இல்லை; இப்போதைய பாலிசிகள் பலவற்றில் எல்லா விலங்குகளையும் சேர்த்திருக்கிறார்கள். போலீஸோ வனக்காவலரோ வேட்டை உரிமை பெற்றவரோ தரும் சான்றை நிறுவனங்கள் கேட்கும். பெரிய மானைத் தவிர்க்க வண்டியைத் திருப்பியதால் வந்த செலவை இழப்பைத் தடுத்த முயற்சியாக ஏற்பார்கள். முயல், நரி போன்ற சிறு விலங்குக்காக உயிரைப் பணயம் வைத்து வண்டியைத் திருப்புவது அளவுக்கு மீறியது என்று சொல்லி நீதிமன்றங்கள் மறுத்ததுண்டு. ஜெர்மானியர்கள் முயலுக்கும் மானுக்கும் நடுவே கோடு கிழித்துக்கொண்டிருக்க, இந்தியப் பாலிசி ஒரே சொற்றொடரில் காட்டையே அடக்கிவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் இங்கே இருப்பதுதான் மேல்.

குரங்குச் சேதம் சிறியது, ஓயாதது. மலைப்பாதைகளிலும் கோயில் அடிவாரங்களிலும் நிறுத்திய கார்களின் வைப்பர் ரப்பரை உருவுவது, கதவோரப் பீடிங்கைப் பிடுங்குவது, பக்கக் கண்ணாடியை மடித்து ஒடிப்பது, திறந்த ஜன்னல் வழியே நுழைந்து சீட்டைக் கிழிப்பது அதன் வேலைகள். பாலிசிப்படி இவையெல்லாம் ஈடுக்கு உரியவைதாம். ஆனால் கேட்டுப் பெறுவதில் லாபம் இருக்கிறதா என்பதைக் கணக்குதான் சொல்ல வேண்டும்.

மயிலின் குறும்பு தனி ரகம். கொங்குப் பகுதியில் மயில்கள் ஊருக்குள் பெருகிவிட்டன. பளபளப்பான கதவில் தன் பிம்பத்தைப் பார்க்கும் ஆண் மயில் எதிரியென்று எண்ணிக் கொத்தும். பெயின்டில் வரிவரியாகக் கீறல் விழும். ஓடும் காரின் முன்கண்ணாடியில் வந்து மோதும் மயில் இன்னும் ஆபத்து.

மழைக்காலத்தில் எஞ்சின் அறைக்குள் ஒதுங்கும் எலி வயரைக் கடித்தால் பல நிறுவனங்கள் பணம் தருகின்றன. சில நிறுவனங்கள் நாளடைவில் வந்த தேய்மானம் என்றோ மின்சாதனக் கோளாறு என்றோ சொல்லி மறுக்கப் பார்க்கின்றன. தேய்மானமும் தானாக நேரும் மின்கோளாறும் பாலிசியில் விலக்கப்பட்டவை என்பது உண்மை. ஆனால் பல் பதிந்த வயர் தானாகத் தேய்ந்த வயர் ஆகாது. மாற்றிய வயரை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடாமல் வாங்கி வைத்துக்கொண்டவர்களின் வாதம் நிற்கும். எலி கடித்து மின்கசிவு ஏற்பட்டுத் தீப்பிடித்தால், தீ என்பது தனி இனமாகவே பாலிசியில் இருப்பதால் அந்தச் சர்ச்சை எழாது.

கைக்கு வரும் பணம்

பில் தொகை அப்படியே திரும்பக் கிடைக்காது. பழைய பாகத்துக்குப் பதில் புதுப் பாகம் வருவதால், தேய்மானக் கழிவு உண்டு. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதமும், ஃபைபர் கிளாஸுக்கு 30 சதவீதமும் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பார்ப்பார்கள்: ஆறு மாதம் வரை கழிவில்லை, ஓராண்டு வரை 5, இரண்டாண்டு வரை 10, மூன்றாண்டு வரை 15, நான்காண்டு வரை 25, ஐந்தாண்டு வரை 35, பத்தாண்டு வரை 40, அதற்கு மேல் 50 சதவீதம். பெயின்டிங் செலவில் கால்பங்கைப் பொருள் விலையாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள். இவை எல்லாம் போக, கட்டாயக் கழிவு என்று 1500 சிசி வரையிலான காருக்கு 1,000 ரூபாயும் அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாயும் ஒவ்வொரு கிளைமிலும் உரிமையாளர் ஏற்க வேண்டும்.

நாலரை வயதுச் சிறிய கார் ஒன்றைக் காட்டெருமை இடித்ததாக வைத்துக்கொண்டால் கணக்கு விளங்கும். பானெட் 12,000, பம்பர் 9,000, முன்கண்ணாடி 8,000, கூலி 6,000, பெயின்டிங் 8,000 என்று பில் 43,000 ரூபாய். பானெட்டில் 35 சதவீதம் போய் 7,800. பம்பரில் பாதி போய் 4,500. கண்ணாடிக்கு முழு 8,000. கூலிக்கு முழு 6,000. பெயின்டிங்கில் ஆயிரம் போய் 7,000. கூட்டினால் 33,300, கட்டாயக் கழிவு போக 32,300. மீதி 10,700 ரூபாய் கார்க்காரருடையது. ஒர்க்‌ஷாப்காரர்கள் 'பம்பர் டு பம்பர்' என்று சொல்லும் ஜீரோ டெப்ரிசியேஷன் கூடுதல் பாலிசி இருந்தால் தேய்மானக் கழிவு இராது. ஆயிரம் ரூபாய் மட்டுமே கையிலிருந்து போகும். பெரும்பாலும் ஐந்தாண்டு வரையிலான கார்களுக்கே அது கிடைக்கிறது. சேதத்தின்போது கொட்டிப்போகும் ஆயில், குளிர்நீர், நட்டு போல்ட்டுக்கு 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்ற தனிச் சேர்க்கை வேண்டும்.

யானை காரைப் புரட்டிப்போட்டால் கணக்கு வேறு. மீட்கும் செலவும் பழுதுபார்க்கும் செலவும் சேர்ந்து, வண்டியின் மதிப்பாகப் பாலிசியில் குறித்த ஐ.டி.வி. தொகையின் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கருதி அந்த மதிப்பையே தருவார்கள். பிரீமியம் குறையும் என்று ஐ.டி.வி.-யைத் தாழ்த்திப் போட்டவர்களுக்கு அன்றைக்கு அதன் நஷ்டம் தெரியவரும்.

குரங்குக் கணக்குக்கு வரலாம். வைப்பரும் பீடிங்கும் பக்கக் கண்ணாடியும் போய் ஒர்க்‌ஷாப் 6,000 ரூபாய் கேட்கிறது என்று கொள்வோம். எல்லாமே ரப்பரும் பிளாஸ்டிக்குமாக இருந்தால் பாதி போய் 3,000. கட்டாயக் கழிவு போக 2,000. இதை வாங்கினால் அடுத்த புதுப்பிப்பில் நோ கிளைம் போனஸ் போய்விடும். கிளைம் இல்லாத ஆண்டுகளுக்கு ஏற்ப அந்தத் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். சொந்தச் சேதப் பிரீமியத்துக்கு மட்டும் அது பொருந்தும். 50 சதவீதத்தில் இருப்பவருக்குத் தள்ளுபடிக்கு முந்தைய பிரீமியம் 10,000 ரூபாய் என்றால் அவர் கட்டுவது 5,000. ஒரு கிளைமுக்குப் பின் முதல் ஆண்டு 10,000, அடுத்து 8,000, 7,500, 6,500, 5,500 என்று இறங்கி ஆறாம் ஆண்டில்தான் பழைய நிலைக்கு வருவார். பிரீமியம் மாறாது என்று வைத்தால் கூடுதலாகக் கட்டுவது 12,500 ரூபாய். இரண்டாயிரம் ரூபாய்க்காக இதைத் தொலைப்பது அறிவல்ல. போனஸைக் காக்கும் கூடுதல் பாலிசியும் விற்கிறார்கள். மலையூர்களில் வசிப்பவர்களுக்கு அது பயன்படும். பிரீமியத்தைக் குறைக்க விரும்பி ஏற்கும் கூடுதல் கழிவுத் திட்டம் அவர்களுக்கு ஒத்துவராது. ஜெர்மனியின் டைல்காஸ்கோவில் கிளைம் வாங்குவதால் போனஸ் தரவரிசை இறங்குவதில்லை. மான் குறுக்கே வந்ததற்கு ஓட்டுநர் பொறுப்பில்லை என்ற நியாயம் அங்கே கட்டணத்திலும் தெரிகிறது. இந்தியாவில் அந்த நியாயத்துக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

நடந்த பிறகு

முதல் விதி, காரைவிட்டு இறங்காமல் இருப்பது. அடிபட்ட காட்டெருமையும் குட்டியோடு நிற்கும் யானையும் அங்கேயே இருக்கலாம். விலங்கு விலகிய பிறகு வண்டி நிற்கும் நிலையிலேயே படம் எடுப்பது நல்லது. வண்டி எண் தெரிய, சாலை தெரிய, மைல் கல்லோ வனத்துறைப் பலகையோ தெரியப் படம் வேண்டும். பம்பர் இடுக்கில் சிக்கிய உரோமம், கண்ணாடியில் ஒட்டிய இறகு, கதவில் காய்ந்த சேறு ஆகியவற்றைத் துடைக்கக் கூடாது. விலங்குதான் இடித்தது என்பதற்கு அவையே சாட்சி. டேஷ்போர்டில் கேமரா இருந்தால் அந்தப் பதிவை உடனே தனியாகச் சேமித்துவிட வேண்டும்; பல கேமராக்களில் பழைய பதிவு மேல் புதிய பதிவு தானாக ஏறிவிடும்.

பாலிசியின் முதல் நிபந்தனை, உடனே எழுத்து மூலம் தகவல் தருவது. காட்டில் சிக்னல் கிடைக்காமல் போவது சகஜம். கிடைத்த இடத்திலிருந்து பேசிவிட்டு, பேசிய நேரத்தைக் குறித்துக்கொண்டால் போதும். தாமதம் ஒன்றை மட்டுமே காரணமாக்கி நியாயமான கிளைமை மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரிலேயே நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. சர்வேயர் பார்ப்பதற்கு முன் பழுதுபார்த்துவிட்டால்தான் தொல்லை.

பழுதான வண்டியை அப்படியே ஓட்டுவது அதைவிடப் பெரிய தொல்லை. தேவையான பழுது நீக்காமல் ஓட்டியதால் சேதம் பெருகினால் அந்தக் கூடுதல் சேதம் உரிமையாளரின் பொறுப்பு என்று பாலிசி வெளிப்படையாகச் சொல்கிறது. பன்றி உடைத்த ரேடியேட்டருக்குப் பணம் உண்டு. அதோடு மேட்டுப்பாளையம் வரை இறக்கியதால் கெட்ட எஞ்சினுக்கு இல்லை. வண்டியை இழுத்துப்போக வழக்கமான பாலிசி தருவது 1,500 ரூபாய்தான். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலிருந்து ஒரு காரை மேலே கொண்டுவர அந்தத் தொகை போதாது. சாலையோர உதவிச் சேர்க்கையை மலைப்பயணம் போகிறவர்கள் யோசிக்கலாம்.

போலீஸ் முதல் தகவல் அறிக்கை எல்லாச் சிறு சேதத்துக்கும் தேவைப்படாது. ஆள் காயம், பெரிய சேதம், பிறர் சொத்து இழப்பு என்றால் தேவைப்படும். காட்டுச் சாலையில் வனத்துறைச் சோதனைச் சாவடியில் தகவல் தந்து, தந்ததற்கு ஓர் அத்தாட்சி வாங்கிக்கொள்வது கைகொடுக்கும். விலங்கு செத்துப்போயிருந்தால் வேறு கடமையும் சேர்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி, இறந்துகிடக்கும் அல்லது தவறுதலாகக் கொல்லப்படும் வனவிலங்கு அரசின் சொத்து. அது கைக்கு வந்தவர் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ அதிகாரம் பெற்ற அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும். உடலைக் காரில் ஏற்றி மறைத்துக் கொண்டுபோவது விபத்தைக் குற்றமாக்கிவிடும். விசாரணைக்காக வண்டி வனத்துறையிடம் நிற்கும் நாட்களுக்கும், விதிக்கப்படும் அபராதத்துக்கும் எந்தப் பாலிசியும் பணம் தராது.

இந்தப் பயத்தால் சிலர் கதையை மாற்றுகிறார்கள். மானை இடித்ததை மறைத்து, சுவரில் மோதியதாகக் கிளைம் படிவத்தில் எழுதுகிறார்கள். சுவரில் மோதிய காரில் சுண்ணாம்பும் சிமென்ட் கீறலும் இருக்கும். மானில் மோதிய காரில் ரத்தமும் மயிரும், உள்வாங்கிய மொழுக்கென்ற பள்ளமும் இருக்கும். அனுபவப்பட்ட சர்வேயருக்கு ஐந்து நிமிடம் போதும். மானென்றே எழுதியிருந்தால் கிடைத்திருக்கும் பணம், பொய்த் தகவல் என்ற காரணத்தால் முழுதாகப் போகும். மான் பாலிசிக்குத் தடையில்லை என்று தெரியாததால் வரும் வினை இது.

ஓட்டுநரின் நடத்தை

முதுமலை, பந்திப்பூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலைகளில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை 2009 முதல் இருந்துவருகிறது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தில் பண்ணாரி, திம்பம் வழியே போகும் சாலையில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2022 பிப்ரவரி முதல் இரவுத் தடை. கார்களுக்கு அங்கேயும் 9 முதல் 6 வரைதான். உள்ளூர்க்காரர்களுக்கும் அவசர ஊர்திகளுக்கும் விலக்கு உண்டு. தடை நேரத்தில் குறுக்குவழியாக நுழைந்து யானையிடம் மாட்டியவருக்குப் பணம் கிடைக்குமா? தடை நேரப் பயணம் என்று ஒரு விலக்கு பாலிசியில் எழுதப்படவில்லை. ஆனால் வண்டியைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கை எல்லாம் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. நிறுவனம் அதைப் பிடித்துக்கொள்ளும். நிபந்தனை மீறிய வண்டிகளின் விஷயத்தில் முற்றாக மறுக்காமல் ஒரு பகுதியைத் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் அமலேந்து சாகூ வழக்கில் காட்டிய வழி உண்டு. 75 சதவீதம் வரை தரும் அந்த முறையை 'நான்-ஸ்டாண்டர்டு' தீர்வு என்பார்கள். அதற்கு வழக்காடிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

காப்பகத்துக்குள் வண்டியை நிறுத்துவதும் விலங்குக்குத் தீனி போடுவதும் வனத்துறை அபராதத்துக்குரியவை. செல்ஃபி எடுக்க நிறுத்தி, ஹாரன் அடித்துச் சீண்டியபின் வந்த சேதத்தை 'எதிர்பாராத' விபத்து என்று வாதிடுவது கடினம். அந்தக் காட்சியைப் பின்னால் நின்ற காரில் யாராவது படமெடுத்து, அது ஊரெல்லாம் சுற்றியும் விடுகிறது.

மது அருந்தி ஓட்டியது, உரிமம் இல்லாதவர் ஓட்டியது ஆகியவை எந்த விபத்துக்கும் பொருந்தும் விலக்குகள். யானை இருந்தாலும் அவை மாறாது. மலையூர்களில் சுற்றுலாப் பயணிகளைப் பணம் வாங்கி ஏற்றும் வெள்ளைப் பலகை ஜீப்புகளுக்கும் இதே கதி. தனியார் பாலிசி வாடகைப் பயன்பாட்டை ஏற்பதில்லை.

ஆளுக்கு நேரும் காயம்

வண்டி உரிமையாளரே ஓட்டும்போது நேரும் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. 2018-க்குப் பின் அதன் தொகை 15 லட்சம் ரூபாய். இரு கை, இரு கால், இரு கண் போன்ற இழப்புக்கு முழுத் தொகையும், ஒரு கை, ஒரு கால் அல்லது ஒரு கண்ணுக்குப் பாதியும் கிடைக்கும். காரில் போகும்போதும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் அது செல்லும். காருக்குள் இருந்தவரை யானை தாக்கினால் அதன் வரம்புக்குள் வரும். இறங்கி நூறடி நடந்து படமெடுக்கப் போனவரைத் தாக்கினால் வராது. அவருக்குத் தனியாக எடுத்த விபத்துப் பாலிசியோ உயிர்க்காப்பீடோதான் துணை. உடன் வருபவர்களுக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு சேர்க்கலாம். வழக்கமான வரம்பு தலைக்கு 2 லட்சம். வனவிலங்கு தாக்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு மாநில அரசு தரும் நிவாரணம் இவற்றுக்குத் தொடர்பில்லாத தனி ஏற்பாடு.

மறுத்தால்

நிறுவனம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறலாம். தொலைபேசியில் சொன்ன மறுப்பை வைத்து எங்கும் முறையிட முடியாது. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி தரவில்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. நிறுவனத்தின் மறுப்பு வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். ஆம்புட்ஸ்மன் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். கார்க்காரருக்கு அது ஒப்பவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி திறந்தே இருக்கும். அங்கே மனுச் செய்ய, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டு அவகாசம்.